ரூட் ஐம்பது

ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரிடம் ஒரு கதை இருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வர்க்கமூலம் நடத்தும் வாரத்தில் அதைச் சொல்லாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஏற்காட்டில் அந்த வாரம் எப்படியும் மழை பெய்துகொண்டிருக்கும். பாதிப் பிள்ளைகள் நனைந்த சட்டையோடு பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைச் சிரிக்க வைத்துச் சூடேற்றினால்தான் கணக்கு மண்டையில் ஏறும் என்பது அவர் கட்சி.

முதலில் பாடம். கரும்பலகையில் √8 + √18 என்று எழுதிவிட்டு, "கூட்டுங்கடா" என்பார். எவனாவது ஒருத்தன் எழுந்து, "ரூட் இருபத்தாறுங்க சார்" என்பான். அதற்காகவே காத்திருந்தவர் சாக்பீஸைக் கீழே வைப்பார்.

"பேரிக்காயையும் பலாப்பழத்தையும் கூட்டி, இத்தன பேரிக்காய்னு சொல்லுவியா? ரூட்டுக்குள்ள இருக்கறது ஒண்ணா இருந்தாத்தான்டா கூட்டலாம், கழிக்கலாம். எட்டுங்கறது நாலு ரெண்டு. நாலு வெளிய வந்தா ரெண்டா வரும். அப்ப ரூட் எட்டு, ரெண்டு ரூட் ரெண்டு. பதினெட்டுங்கறது ஒம்பது ரெண்டு. அது மூணு ரூட் ரெண்டு. இப்பக் கூட்டு. ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சு ரூட் ரெண்டு. இவ்வளவுதான் சமாச்சாரம்."

நன்றாகத்தான் நடத்துவார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் கதை.

ஊர் திரும்புவதற்கு முன் அவர் தருமபுரியில் வேலை பார்த்தார். 1981 ஏப்ரலில் பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பர் திருத்த அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "இதே கணக்குடா. ரெண்டு மார்க்கு. ஒரு புள்ள என்ன பண்ணியிருந்தா தெரியுமா? பேப்பர்ல புள்ளி வெச்சுக் கோலம் போட்டிருந்தா! வரிசைக்கு ஆறு புள்ளி, ஆறு வரிசை, நடுவுல சாய்வா ஒரு கோடு. பக்கத்துல வாய்க்கு வந்த ஒரு நம்பர். நான் செவப்பு மையில என்ன எழுதினேன்? 'கோலம் போட வாசல் இருக்கிறது.'" வகுப்பு கொல்லென்று சிரிக்கும். மழைச் சத்தம் கூட அமுங்கிப்போகும்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை அவர் தேவகுமாரியிடமும் சொன்னார். என்ன கணக்கு, என்ன நம்பர் என்றெல்லாம் சொல்லவில்லை. மனைவிக்கு அதெல்லாம் எதற்கு என்று கோலத்தை மட்டும் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, "பாவமுங்க. யாரு பெத்த புள்ளையோ. அந்நேரத்துக்கு என்ன தவிச்சாளோ" என்றாள்.

"தவிக்கறவ படிச்சிருக்கோணும்" என்றார் வாத்தியார். நாக்கில் எப்போதும் பதில் வைத்திருக்கும் மனிதர்.

தேவகுமாரி வாழவந்திக்காரி. அப்பா ஏசுராஜ் எஸ்டேட்டில் லைன் பிடிக்கும் ஆள். புதிதாகக் காப்பி வைக்கும் காட்டில் கயிறு கட்டி, அளவுக்கு அளவு குச்சி அடித்து, எங்கெங்கே குழி வெட்ட வேண்டும் என்று காட்டுவது அவர் வேலை. குச்சி ஒரு சாண் தள்ளிப்போனால் நாற்பது வருஷத்துக்குச் செடி கோணலாக நிற்கும். அதனால் ஏசுராஜ் பிடித்த லைனைத் துரையே குனிந்து கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார் என்று ஊரில் சொல்வார்கள். தாயில்லாத பெண்ணை எங்கே விடுவது? லீவு நாளில் கூடவே கூட்டிப்போய்க் கயிற்றின் மறுமுனையைக் கையில் கொடுத்துவிடுவார்.

நன்றாகப் படிக்கிற பெண் என்று ஊருக்கே தெரியும். சேலத்தில் மடத்துச் சிஸ்டர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் நர்ஸ் டிரெய்னிங்குக்கு அவளுக்கு இடம் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பத்தாவதை முதல் தடவையிலேயே பாஸ் பண்ண வேண்டும். தமிழில் அறுபத்தெட்டு, சமூகவியலில் எழுபத்தொன்று. கணக்கில் போய்விட்டது. இடம் குப்பனூர்ப் பெண் ஒருத்திக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு மூன்று தடவை எழுதினாள். டவுனில் டியூஷன் எடுத்த ஒருவர், "ரூட்ட இஷ்டத்துக்குக் கூட்டக்கூடாது, படம் கிடம் போடக்கூடாது, நான் சொல்றத மனப்பாடம் பண்ணு" என்றார். அப்படியே செய்தாள். மார்க் இருபத்தேழு ஆயிற்று, இருபத்து நான்கு ஆயிற்று, கடைசியில் பத்தொன்பது. பத்தொன்பது வந்த அன்று புத்தகத்தை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போனாள்.

1985இல் ஸ்தனிஸ்லாஸ் வாத்தியாரோடு கல்யாணம். கணக்கு வாத்தியாருக்குக் கணக்கில் ஃபெயிலான பெண்டாட்டி என்று பங்குக் கோயிலில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். இரண்டு முறை கர்ப்பம் தரித்தும் குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நூறு கஜம். மத்தியானம் அவர் வந்து சாப்பிட்டுப் போவார். கதவைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து, "ஏனுங்க, கையக் கழுவிட்டு வாங்க" என்று குரல் வரும். அவர் வந்து இளைப்பாறுவதற்கு உலகத்தில் அந்த ஒரு குரல்தான் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்.

"மறுபடி எழுதேன், நான் சொல்லித் தர்றேன்" என்று ஒன்றிரண்டு முறை கேட்டார். "வேண்டாமுங்க. எனக்குக் கணக்கு வராதுங்க" என்பாள். கால் ஊனமானவர்கள் தங்களால் ஓட முடியாது என்று சொல்வதுபோல, வெட்கமும் இல்லாமல் வருத்தமும் இல்லாமல் சொல்வாள். அவரும் விட்டுவிட்டார். வராதவர்களுக்கு வராது என்று அவரும்தான் நம்பினார்.

1991 ஜூனில் ஏசுராஜ் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாழவந்தியில் அவர் விட்டுப்போன அரை ஏக்கரில் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைப்பதென்று முடிவாயிற்று. ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் இருவரும் போனார்கள். கூலிக்குச் சித்தன் வந்திருந்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தேவகுமாரி கயிற்றைப் பிடித்தபோது வாத்தியாருக்கு யாரோ வேறு ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது. "அங்க ஒரு வெரக்கடை தள்ளு. ஆச்சு. அடி" என்று அவள் சொல்லச் சொல்லச் சித்தன் குச்சி அடித்தான்.

வரிசைக்கு ஆறு குச்சி, ஆறு வரிசை முடிந்தது. அவள் கயிற்றை ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்துக் கட்டினாள்.

"இது எதுக்கு?" என்றார் வாத்தியார்.

"சதுரம் கோணாம இருக்குதான்னு பாக்கறதுக்குங்க. மூலைவாக்குல எல்லாக் குச்சியும் கயித்துல ஒட்டோணும். ஒட்டலீன்னா எங்கியோ தப்பு."

சும்மா இருக்க மாட்டாரே. "சரி, அந்தக் கயிறு எவ்வளவு நீளம், சொல்லு பார்ப்போம்" என்று சீண்டினார்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. "ஒரு எடைவெளிய ஒண்ணுன்னு வெச்சா, ரூட் அம்பதுங்க."

வாத்தியார் சிரித்தார். "எப்படி?"

"இந்தப் பக்கம் அஞ்சு எடைவெளி, அந்தப் பக்கம் அஞ்சு. அஞ்சஞ்சு இருவத்தஞ்சு, ரெண்டு இருவத்தஞ்சு அம்பது. சாய்ஞ்ச கோடு ரூட் அம்பது. பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்ததுதானுங்களே." அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கயிற்றின் மேல் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினாள். "பிரிச்சுப் பாத்தாலும் அதேதானுங்க. இதுவரைக்கும் ரெண்டு எடைவெளி, ரூட் எட்டு. இங்கிருந்து மூணு எடைவெளி, ரூட் பதினெட்டு. ஒரே கயிறு, நேரா போகுது. ரெண்டையும் சேத்தா ரூட் அம்பது."

வாத்தியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐந்து ரூட் இரண்டு. ஐந்தை உள்ளே தள்ளினால் இருபத்தைந்து. இருபத்தைந்து ரெண்டு ஐம்பது. ரூட் ஐம்பதும் ஐந்து ரூட் இரண்டும் ஒன்றேதான். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரிய வேண்டியது.

"பரிச்சையிலயும் இப்படித்தானுங்க போட்டேன்" என்றாள் அவள், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "குச்சிக்குப் பதிலா புள்ளி வெச்சு, கயித்துக்கு ஒரு கோடு இழுத்து. நொம்ப சந்தோசமா வேற போட்டேன், நம்ம வேலையக் கேட்டிருக்காங்களேன்னு. தப்பாட்டிருக்குதுங்க. அப்பறம்தான் டியூசன் சார் சொன்னாரு, ரூட்ட அப்படிக் கூட்டக்கூடாதுன்னு."

ஸ்தனிஸ்லாஸ் வாத்தியார் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்தப் பேப்பர் அவர் கண் முன்னால் வந்து நின்றது. ஒரு நாளைக்கு அறுபது பேப்பர் திருத்தினார்கள். விடைக்குறிப்பில் ஐந்து ரூட் இரண்டு என்று இருந்தது. ரூட் இருபத்தாறு மாதிரி ரூட்டுக்குள் ஒரே நம்பரைப் பார்த்தால் கை தானாகக் குறுக்கே கோடு போட்டுவிடும். அவசரத்தில் எவனும் செய்யக்கூடியதுதான் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. காரணம், அந்தப் பேப்பர் அவரிடம் இரண்டாம் முறையும் வந்தது. முப்பத்து மூன்றோ முப்பத்து நான்கோ வந்தால், எங்காவது ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கிறதா பாருங்கள் என்று தலைமைத் தேர்வாளர் திருப்பிக் கொடுப்பது அங்கே வழக்கம். அது முப்பத்து மூன்று. அவர் பிரித்தார், கோலத்தைப் பார்த்தார், பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள். அப்போதுதான் வாசலைப் பற்றி அந்த வரியை எழுதினார். மார்க்கை மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும், அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கல்யாணப் புடவைக்கு அடியில் மார்க் ஷீட் இருந்தது. ஆறு வருஷத்தில் ஒரு முறைகூட அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. ஏப்ரல் 1981. கணிதம், 33.

அந்த வருஷம் வர்க்கமூலம் நடத்தும்போது, "சார், கோலக் கதை சொல்லுங்க சார்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அண்ணன் அக்காள்மார் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார்கள். "கதையெல்லாம் ஒண்ணும் இல்ல. புஸ்தகத்தைத் திற" என்று எரிந்து விழுந்தார்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசைக்குப் போகும்போது, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைப்பார். திரும்பி வரும்போது, அடுத்த வாரம் என்பார். சொன்னால் அவள் சண்டை போடுவாள் என்ற பயமில்லை. அவள் சண்டைக்காரி அல்ல. அன்று அவர் இரண்டு மார்க் போட்டிருந்தால் அவள் வெள்ளை உடுப்பில் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலோ இருந்திருப்பாள். இந்த அடுப்படியில், தன் பக்கத்தில், இருந்திருக்க மாட்டாள். தனக்குக் கிடைத்த ஒரே நல்ல காரியம் தான் செய்த தப்பிலிருந்து வந்தது. அதை எந்த வாயால் சொல்வது? வகுப்பில் நாற்பது பேர் முன்னால் வாய் ஓயாத மனிதருக்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை. பெரிய சாமர்த்தியசாலி.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

1993 ஜூலையில், வாழவந்தி பால்வாடியில் ஆயாவாக இருந்த சாந்தாமேரி வீட்டுக்கு வந்தாள். தேவகுமாரிக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதி. "குமாரி, எங்க டீச்சர் வர்ற வருசம் ரிட்டயர் ஆறாங்க. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தாப் போதும், ஊர்ப் பொண்ணுக்குத்தான் குடுப்பாங்க. உனக்கு அந்த ஒரு கணக்குதான பாக்கி? பிரைவேட்டா எழுதிரு. ஊட்லயே வாத்தியார வெச்சுக்கிட்டு எதுக்கு யோசிக்கற?"

புழுங்கல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த தேவகுமாரி கையை நிறுத்தினாள். பிள்ளைகளோடு இருக்கும் வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு. அவள் முகத்தில் அந்த ஆசை வந்து ஒரு நிமிஷம் நின்றதை வாத்தியார் பார்த்தார்.

பிறகு அவள், "எனக்குக் கணக்கு வராதக்கா. நாலு தடவ பாத்தாச்சு. அஞ்சாவது தடவையும் ஊரு சிரிக்கோணுமா?" என்று சொல்லிவிட்டு அரிசியைப் புடைக்க ஆரம்பித்தாள்.

இனியாவது சொல்ல வேண்டும். அவளுக்குக் கணக்கு வரும், வந்தது, முதல் தடவையே வந்தது என்று ஒருவர் சொன்னால் அவள் எழுதுவாள். சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒரே ஒருவர். வாத்தியார் மறுநாளே விண்ணப்பப் படிவம் வாங்கிவந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று வாரம் நடந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம், "ஏனுங்க, கையக் கழுவிட்டு வாங்க" என்று குரல் வரும். இன்னும் ஒரு நாள் அதைக் கேட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அன்றும் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். படிவம் பையிலேயே இருந்தது. முதல் தப்பைச் சிரித்துக்கொண்டே செய்தார். இதை ஆற அமரச் செய்தார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை அவள் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் எதிரில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"குமாரி, உன் பேப்பரைத் திருத்தினது நான்தான்."

"எந்தப் பேப்பருங்க?"

"கணக்கு. முதல் தடவை எழுதினியே, அது. நீ போட்டது சரி. ரூட் அம்பது சரிதான். நான்தான் அடிச்சேன்."

அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். "கோலம்னு ஒரு கதை சொல்லுவீங்களே, அதுங்களா?" என்றாள்.

"அதுதான்."

"கோலமில்லீங்களே அது." குரல் மிகச் சிறியதாக இருந்தது. "எங்கப்பன் புடிக்கற லைனுங்க."

"தெரியும்."

"எப்பத் தெரியுமுங்க?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "ரெண்டு வருஷமா" என்றார்.

அப்போதுதான் அவள் கை நின்றது. "சாந்தக்கா வந்தன்னிக்குத் தெரியுமுங்களா?"

அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கீழே வைத்தார். அதுதான் பதில். தேதியை அவள் படித்தாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு தடவ மறுபடி எழுதினனுங்க" என்றாள். "ஒவ்வொரு தடவையும் கைக்கு வந்தத எழுதாம, மனப்பாடம் பண்ணினத எழுதினேன். எனக்குச் சரின்னு பட்டா அது தப்பாத்தான் இருக்கும்னு வெச்சுக்கிட்டேன். கணக்குல மட்டுமில்லீங்க. எல்லாத்துலயும் அப்படியே இருந்துட்டேன். சரியாப் போட்டிருக்கேன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா..." முடிக்கவில்லை. கீரைக் காம்புகளை ஒன்றாகக் கூட்டி ஒதுக்கினாள். "அப்ப எனக்கு எத்தனைங்க மார்க்கு?"

"முப்பத்தஞ்சு."

"பாஸுங்களா?"

"பாஸ்."

தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய்க் கீரையைக் கழுவினாள். அடுப்பு மூட்டினாள். அவர் கூடத்தில் போய் உட்கார்ந்து முந்தின நாள் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே போகாமல் பக்கத்தைப் புரட்டினார்.

மத்தியானம் சோறு ஆனதும் அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"சார், சாப்பாடு ஆயிருச்சுங்க. வாங்க."

குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் அப்படி ஒன்றுமில்லை. வகுப்புப் பிள்ளைகள் எப்படிச் சொல்வார்களோ அப்படி, மரியாதையாக, கொஞ்சம் தள்ளி நின்று சொன்னாள். குழம்பு ஊற்றினாள், போதுமா என்று கேட்டாள். அன்று மட்டுமல்ல. மறுநாளும் சார். அடுத்த மாதமும் சார். பங்கில் யாராவது, "உங்க ஊட்டுக்காரர் எங்கீங்க?" என்று கேட்டால், "சார் பள்ளிக்கூடம் போயிருக்காருங்க" என்பாள். சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்தாள், காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள். எதிலும் ஒரு குறை வைக்கவில்லை. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் தாங்க மாட்டாமல், "என்னை அப்படிக் கூப்பிடாத, குமாரி" என்றார். "வேற வாயில வரமாட்டேங்குதுங்க சார். நானும் பாத்துட்டேன்" என்றாள். அவள் பொய் சொல்கிற பெண் அல்ல. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

பால்வாடி வேலை மருதாயி என்ற பெண்ணுக்குக் கிடைத்தது. ஆனாலும் அடுத்த வருஷம் படிவம் வந்த முதல் நாளே வாத்தியார் வாங்கிவந்தார். கையெழுத்து ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் தானே நிரப்பியிருந்தார். பேனாவையும் மூடி கழற்றி நீட்டினார்.

"இந்த வேலை போனா இன்னொண்ணு வரும். நீ எழுது. நிச்சயம் பாஸ் பண்ணுவே. உனக்குக் கணக்கு வரும்."

"வருமுங்க சார், தெரியும்" என்றாள் தேவகுமாரி. தன் பெயர் எழுதியிருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு படிவத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"எழுதறது ஒண்ணும் கஷ்டமில்லீங்க சார். அத ஒருத்தர் திருத்தோணுமுங்களே."